நிற்கும் லாரிக்கும் விளக்கு வேண்டும்
சரக்கு வண்டிகளின் மின்சாரம், விளக்குகள், பராமரிப்பு: வணிகர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

வட சென்னையில் வணிகம் செய்யும் நமக்கு லாரியைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாட்டுக்கே லாரி செய்து கொடுத்த பகுதி இது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் ஆலை எண்ணூரில் எழுந்தது. லாரிகளுக்கு டயர் கொடுக்கும் எம்.ஆர்.எப். நிறுவனம் 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியது. லாரியின் செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். 1961இல் இங்கிருந்து அதிக தூரமில்லாத பாடியில் நிறுவப்பட்டது.

லாரி வந்து நிற்கும் பகுதியும் இதுதான். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் செயல்படத் தொடங்கியது. பிறகு காட்டுப்பள்ளியும் சேர்ந்துகொண்டது. துறைமுகத்தில் நெருக்கடி ஏற்படும் போதெல்லாம் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மணலியிலும் மாதவரத்திலும் இதே காட்சிதான். செங்குன்றத்திலிருந்து அரிசி ஏற்றி வரும் லாரி இரவில் நம் கடை வாசலில் நின்றுதான் மூட்டை இறக்குகிறது.

ஓடுகிற லாரியின் விளக்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நிற்கிற லாரியின் விளக்கைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இரவில் சாலையோரம் விளக்கின்றி நின்ற லாரியின் பின்னால் மோதி உயிரிழந்தவர்களின் செய்தியை நாளிதழ்களில் எத்தனையோ முறை படித்துவிட்டோம். மோதியவர் பெரும்பாலும் இரு சக்கர வாகனத்தில் வந்தவர். ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியாக இருப்பார். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவராக இருப்பார். விடியற்காலையில் கடை திறக்க வரும் நம் ஆளாகவும் இருக்கலாம்.

டிரைவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: “விளக்கைப் போட்டு நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும் சார். காலையில் செல்ஃப் எடுக்காது.” இந்தப் பயம் சரிதானா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். பேட்டரி ஏன் இறங்குகிறது, விளக்கு ஏன் அணைகிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பவற்றை அதன்பின் பார்ப்போம்.

வரவும் செலவும்

லாரியின் மின்சாரத்தை நம் கல்லாப்பெட்டியை வைத்தே புரிந்துகொள்ளலாம். பேட்டரிதான் கல்லா. எஞ்சின் ஓடும்போது பெல்ட் மூலம் சுற்றும் ஆல்டர்னேட்டர்தான் வரவு. பழைய லாரிகளில் இந்த வேலையை டைனமோ செய்து வந்தது. செல்ஃப் மோட்டார், விளக்குகள், ஹாரன், வைப்பர் எல்லாம் செலவு. எஞ்சின் ஓடும்வரை வரவிலிருந்தே செலவு நடக்கும். மிச்சம் கல்லாவில் சேரும். எஞ்சினை நிறுத்தியவுடன் வரவு நின்றுவிடும். அதன்பின் எரியும் ஒவ்வொரு விளக்கும் கல்லாவிலிருந்து எடுக்கும் பணம்தான்.

டாடா ஏஸ் போன்ற சிறு வண்டிகளில் இருப்பது 12 வோல்ட் மின்சாரம், ஒரே பேட்டரி. கனரக லாரிகளிலும் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளிலும் 24 வோல்ட். அதற்காக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருப்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 12 வோல்ட் பல்பை 24 வோல்ட் வண்டியில் போட்டால் உடனே எரிந்து போகும். 24 வோல்ட் பல்பை 12 வோல்ட் வண்டியில் போட்டால் மினுமினுப்பதோடு சரி.

பேட்டரியின் மேல் ‘ஏ.எச்.’ என்று ஓர் எண் எழுதியிருக்கும். அது கல்லாவின் கொள்ளளவு. 120 ஏ.எச். என்றால், கணக்குக்கு, மணிக்கு 6 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுக்கலாம் என்று பொருள். பல்பின் வாட் எண்ணை வோல்ட் எண்ணால் வகுத்தால் அந்தப் பல்ப் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்பது தெரிந்துவிடும். மளிகைக் கடையில் அன்றாடம் போடும் கணக்கை விட இது எளிது.

பார்க்கிங் விளக்கின் உண்மைக் கணக்கு

ஒரு சாதாரண 24 வோல்ட் லாரியை எடுத்துக்கொள்வோம். முன்னால் இரண்டு பார்க்கிங் பல்ப், பின்னால் இரண்டு சிவப்பு பல்ப், நம்பர் பிளேட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 5 வாட் என்றால் மொத்தம் 25 வாட். 24ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1 ஆம்பியர். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 8 மணி நேரம் எரிந்தாலும் செலவு 8 ஏ.எச்.தான். 120 ஏ.எச். கல்லாவிலிருந்து பதினைந்தில் ஒரு பங்கு!

டிரெய்லருக்குப் பக்கவாட்டு விளக்குகள் அதிகம். இன்னும் பத்து பல்ப் சேர்த்துக்கொண்டாலும் 75 வாட், சுமார் 3 ஆம்பியர். இரவு முழுவதும் எரிந்தால் 25 ஏ.எச். அப்போதும் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எல்.இ.டி. விளக்குகள் பொருத்திய வண்டியில் செலவு இதில் சிறு பகுதியாகக் குறைந்துவிடும்.

ஹெட்லைட்டை எரியவிட்டு நிறுத்தினால்தான் கதை வேறு. 75 வாட் பல்ப் இரண்டு எரிந்தால் 150 வாட். 6 ஆம்பியருக்கு மேல். 8 மணி நேரத்தில் 50 ஏ.எச். அதற்கு மேல் டேப், மின்விசிறி, செல்போன் சார்ஜர் என்று சேர்ந்தால் காலையில் செல்ஃப் எடுக்காமல் போவதில் வியப்பில்லை. ஆகவே ஹெட்லைட்டை அணைப்பது சரி. அதோடு பார்க்கிங் விளக்கையும் அணைப்பது தவறு. ஸ்விட்சில் இரண்டும் தனித்தனி நிலையில் இருப்பதே இதற்காகத்தான்.

12 வோல்ட் சிறு வண்டிகளில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. அதே 25 வாட்டுக்கு அங்கே 2 ஆம்பியர் செலவாகும். 50 ஏ.எச். பேட்டரி என்றால் 8 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நல்ல பேட்டரி இதையும் தாங்கும். ஆயினும் இரவு முழுவதும் நிறுத்த வேண்டிய சிறு வண்டியைச் சாலையில் விடாமல் உள்ளே தள்ளி நிறுத்துவதே உத்தமம்.

இக்கணக்கிலிருந்து தெரிவது இதுதான்: பார்க்கிங் விளக்கு மட்டும் எரிந்து பேட்டரி இறங்கிவிட்டது என்றால் குற்றம் விளக்கில் இல்லை. பேட்டரி ஏற்கெனவே நோயில் இருக்கிறது, அல்லது அதற்குச் சரியாகச் சார்ஜ் ஏறவில்லை, அல்லது எங்கோ மின்சாரம் கசிகிறது. விளக்கை அணைப்பது இந்த நோய்க்கு மருந்து ஆகாது. கல்லாவில் பணம் குறைகிறது என்பதற்காகக் கணக்கே எழுதாமல் விடுவதைப் போன்றது அது.

பேட்டரியின் உடல்நிலை

ஒரு சிறிய மீட்டர் இருந்தால் பேட்டரியின் நிலையை நாமே பார்த்துவிடலாம். இரவு முழுவதும் ஓய்வில் இருந்த வண்டியில் காலையில் எஞ்சினை எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். 24 வோல்ட் வண்டியில் 25.2 அளவில் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 24.4 என்றால் பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 27.5 முதல் 28.5 வரை காட்ட வேண்டும். 27க்குக் கீழே நின்றால் சார்ஜ் போதவில்லை. ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 29ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும். 12 வோல்ட் வண்டிக்கு இந்த எண்களில் பாதியை எடுத்துக்கொள்ளலாம்.

நம் லாரிகளில் பரவலாக நடக்கும் ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். 12 வோல்ட் டேப்பையோ சார்ஜரையோ ஓட்டுவதற்காக இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுவார்கள். இரண்டு பங்குதாரர் நடத்தும் கடையில் ஒருவர் பங்கிலிருந்து மட்டும் தினமும் பணம் எடுப்பது போன்ற வேலை இது. ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அளவில்தான் சார்ஜ் கொடுக்கும். அதனால் செலவான பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே நிற்கும். செலவாகாத பேட்டரிக்கு அளவுக்கு மேல் ஏறித் தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டும் கெட்டுப் போகும். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் கன்வர்ட்டர் கடைகளில் கிடைக்கிறது. அதைப் பொருத்துவதுதான் முறை. பேட்டரி மாற்றும்போதும் இரண்டையும் ஒரே கொள்ளளவில், ஒரே வயதில், சேர்த்தே மாற்ற வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் மாதம் இருமுறை மட்டம் பார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் கூடாது. கிணற்றுத் தண்ணீரும் கூடாது. “கொஞ்சம் ஆசிட் ஊற்றினால் பேட்டரி தேறிவிடும்” என்று சொல்பவரின் பேச்சைக் கேட்கவே கூடாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய வாயு வெளிவரும். எனவே பீடி, தீக்குச்சி வெளிச்சத்தில் பேட்டரியை எட்டிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

உப்புக் காற்றின் வேலை

உள்நாட்டில் ஓடும் லாரிக்கும் நம் பகுதியில் ஓடும் லாரிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை சாலை கடலை ஒட்டியே செல்கிறது. அலை வேகமாக இருக்கும் நாட்களில் சாரலே வண்டியின் மேல் விழும். மணலிப் பக்கம் போனால் ஆலைப் புகையும் சேர்ந்துகொள்ளும். இந்த உப்பு ஈரம் ஒயர் முனைகளிலும் பல்ப் ஹோல்டர்களிலும் புகுந்து செம்பில் பச்சைக் களிம்பை உண்டாக்குகிறது. களிம்பு ஏறிய இணைப்பில் மின்சாரம் தடைப்படும். பல்ப் நன்றாக இருந்தும் விளக்கு மங்கலாக எரியும் அல்லது விட்டுவிட்டு எரியும். லாரிப் பழுது என்று நாம் நினைப்பவற்றில் பல இப்படி இணைப்பில் ஏற்படும் பழுதுதான்.

பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூப்பதைப் பார்த்திருப்போம். இதற்கு வேண்டிய மருந்து நம் கடையிலேயே இருக்கிறது. வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். சோடாத் தண்ணீர் பேட்டரியின் உள்ளே போய்விடாதபடி மூடிகளை இறுக்கி வைத்திருக்க வேண்டும். கழற்றும்போது நெகடிவ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டால் உப்புக் காற்று சீக்கிரம் அண்டாது. பல்ப் ஹோல்டர்களையும் மாதம் ஒரு முறை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட வேண்டும். லென்ஸ் உடைந்த விளக்கை அப்படியே விட்டால் ஒரே மழையில் ஹோல்டர் போய்விடும். ஆகவே உடைந்த லென்ஸை உடனே மாற்றுவது சிக்கனம்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, எண்ணூர்ப் பகுதிகளில் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மெக்கானிக்கிடம் காட்டி உலர்த்திய பின்பே எஞ்சினை எடுக்க வேண்டும்.

எர்த் சரியில்லையென்றால்

லாரியில் பெரும்பாலான விளக்குகளுக்கு மின்சாரம் ஒயர் வழியாக வரும். திரும்பிப் போவது சேசிஸ் இரும்பின் வழியாக. இந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். எர்த் ஒயர் சேசிஸைத் தொடும் இடத்தில் துரு ஏறினாலோ பெயிண்ட் அடித்துவிட்டாலோ மின்சாரம் வழி தெரியாமல் வேறு விளக்கின் பாதையில் நுழையும். பிரேக் அழுத்தினால் இன்டிகேட்டர் மங்கலாக எரிவது, இன்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குவது போன்ற விநோதங்கள் தென்பட்டால் பல்பை மாற்றிக்கொண்டே இராமல் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து போல்ட்டை முறுக்கினால் பல நேரங்களில் வேலை முடிந்துவிடும்.

இன்டிகேட்டர் வழக்கத்தை விட வேகமாகப் படபடத்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போயிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

டிரெய்லருக்கு ஒரு தனிக் குறிப்பு. இழுக்கும் வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஏழு முனை கொண்ட சாக்கெட் இருக்கிறது. இடது, வலது டெயில் லைட்டுகள், இரு பக்க இன்டிகேட்டர்கள், பிரேக் லைட், எர்த் எல்லாம் இதன் வழியாகத்தான் போகின்றன. தினமும் கழற்றி மாட்டப்படும் பொருள் இது. உப்புக் காற்று முதலில் பிடிப்பதும் இதைத்தான். இதன் எர்த் முனை ஒன்று கெட்டால் நாற்பது அடி நீள வண்டியின் பின்புறம் முழுவதும் இருண்டுவிடும். முன்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அது தெரியவே தெரியாது. ஒவ்வொரு முறை டிரெய்லரை மாட்டிய பின்னும் இறங்கிப் பின்னால் போய்ப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

பியூஸில் சில்வர் தாள் வேண்டாம்

பியூஸ் போவதை ஒரு தொல்லையாக நினைக்கிறோம். உண்மையில் அது நமக்காகத் தன்னைக் கொடுக்கும் காவலாளி. எங்கோ ஒயர் உராய்ந்து சேசிஸைத் தொடுகிறது என்பதால்தான் பியூஸ் போகிறது. அந்த இடத்தைத் தேடாமல், சிகரெட் பெட்டியின் சில்வர் தாளையோ தடித்த செம்புக் கம்பியையோ பியூஸுக்குப் பதில் வைத்தால், அடுத்து எரியப் போவது ஒயரிங்தான். நாம் ஏற்றும் சரக்கை நினைத்துப் பாருங்கள். தீப்பெட்டி, கற்பூரம், எண்ணெய் டின், அட்டைப்பெட்டி, கோணிச் சாக்கு. ஒரு ஒயரில் பற்றும் தீ இவற்றை எட்ட எவ்வளவு நேரமாகும்?

வெளிச்சம் போதவில்லை என்று வண்டிக்கு விதிக்கப்பட்டதை விட அதிக வாட் பல்ப் போடுவதும் இதே ஆபத்தில்தான் முடியும். மெல்லிய ஒயரும் ஸ்விட்சும் சூடாகி உருகும். வெளிச்சம் குறைந்தால் கண்ணாடியைத் துடைத்து, ஹோல்டரையும் எர்த்தையும் பார்த்தாலே பாதி வெளிச்சம் திரும்பி வந்துவிடும். ஹாலஜன் பல்பை மாற்றும்போது அதன் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. கை எண்ணெய் ஒட்டிய இடம் அதிகச் சூடேறிப் பல்ப் விரைவில் போய்விடும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் எஞ்சினையே மின்னணுப் பெட்டி ஒன்றுதான் நடத்துகிறது. இவற்றில் கண்ட இடத்தில் ஒயரை அறுத்து ஒட்டுப் போடக் கூடாது. பாடியில் வெல்டிங் செய்ய வேண்டுமானால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, அந்தப் பெட்டியின் இணைப்பையும் மெக்கானிக்கைக் கொண்டு கழற்றச் செய்த பின்பே தொடங்க வேண்டும்.

ஹெட்லைட் குறித்து ஒரு சொல். பின்புறம் சுமை கூடும்போது வண்டியின் முன்புறம் சற்றுத் தூக்கும். டிம்மில் போட்டாலும் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். சுமையைச் சேசிஸ் முழுவதும் சமமாகப் பரப்பி ஏற்றச் சொல்வது சரக்கு ஏற்றும் நம் கையில்தான் இருக்கிறது.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்த 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் விளக்குகளுக்கென்றே பல விதிகள் உள்ளன. நமக்கு முக்கியமானவை சில.

105ஆம் விதிப்படி இரவில் ஓடும் வண்டியின் பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு இது ஒன்பது விநாடித் தூரம். அந்த வேகத்தில் வருபவர் ஆபத்தைக் கண்டு, பிரேக் பிடித்து, நிற்பதற்கு ஏறத்தாழ 45, 50 மீட்டர் வேண்டும். விளக்கு எரிந்தால் அவருக்கு மூன்று மடங்கு இடம் கிடைக்கிறது. விளக்கில்லையென்றால் அவருடைய டிம் வெளிச்சத்தில் லாரி தெரியும்போதே காலம் கடந்திருக்கும்.

109ஆம் விதி பார்க்கிங் விளக்கைப் பற்றியது. முன்னால் இரு பக்கமும் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் இரு பக்கமும் சிவப்பு விளக்கு இருக்க வேண்டும்; வண்டி சாலையில் நின்றிருக்கும்போதும் அவை எரிய வேண்டும் என்கிறது. நிற்கும் லாரிக்கும் விளக்கு வேண்டும் என்பது நம் யோசனை மட்டுமல்ல, சட்டமே அதுதான். பிறருக்கு ஆபத்து உண்டாக்கும் நிலையில் வண்டியை நிறுத்திவைப்பதைச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடை செய்கிறது.

ஒளியைத் திருப்பிக் காட்டும் ஸ்டிக்கர் பட்டைகளை 104ஆம் விதி கேட்கிறது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, கனரக வண்டிகளின் பக்கங்களில் மஞ்சள். இதற்குப் பேட்டரியே வேண்டாம். ஆனால் சேறும் சிமென்டுத் தூளும் படிந்தால் பட்டை இருந்தும் இல்லாததற்குச் சமம். தார்ப்பாய் தொங்கி மறைத்தாலும் அப்படியே. மேலும், பட்டை என்பது எதிரே வரும் வெளிச்சத்தில்தான் மின்னும். விளக்குக்குத் துணையாகுமே தவிர மாற்று ஆகாது.

தகுதிச் சான்று, அதாவது நாம் சொல்லும் எப்.சி., எட்டு ஆண்டு வரையுள்ள சரக்கு வண்டிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். எப்.சி. காட்டும் நாளில் எல்லா விளக்கும் எரிகின்றன. மறுநாள் முதல் அவை எரிகின்றனவா என்பதுதான் கேள்வி.

லோடு ஏற்றும் முன் ஐந்து நிமிடம்

“லாரி நம்முடையதல்ல, வாடகை வண்டிதானே. டிரைவர் பார்த்துக்கொள்வார்” என்று சில வணிக நண்பர்கள் சொல்லக்கூடும். லாரி வாடகையாக இருக்கலாம்; அதில் ஏறும் சரக்கு நம்முடையது. அது நிற்பது நம் கடை வாசல். வழியில் விபத்து என்றால் சரக்கு காவல் நிலையத்தில் நாட்கணக்கில் முடங்குவதும் நமக்குத்தான். எனவே லோடு ஏற்றுவதற்கு முன் கீழ்க்கண்டவற்றைப் பார்க்கும்படி நம் கடைப் பையன்களைப் பழக்குவோம்.

1. பார்க்கிங் விளக்கைப் போடச் சொல்லி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். பின்புறம் இரண்டு சிவப்பும் எரிகின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை.

2. பிரேக் அழுத்தச் சொல்லிப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஆள் இல்லையென்றால் வண்டியைச் சுவருக்கு அருகே பின்னோக்கி நிறுத்தி, சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் பார்க்கலாம்.

3. இரு பக்க இன்டிகேட்டர்களும், நான்கும் சேர்ந்து மினுக்கும் ஹஸார்டு விளக்கும் வேலை செய்கின்றனவா?

4. பின்புற விளக்குகளையும் ஒளிரும் பட்டைகளையும் ஒரு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தார்ப்பாயும் கயிறும் அவற்றை மறைக்காதபடி கட்ட வேண்டும்.

5. வண்டியில் உதிரி பல்பும் சரியான அளவு பியூஸும் ஒரு சின்ன டப்பாவில் இருக்கின்றனவா? டெயில் லைட் பல்ப் ஒன்றின் விலை ஒரு வேளை டிபன் செலவு கூட ஆகாது.

6. ஒளிரும் முக்கோணப் பலகை இருக்கிறதா? வழியில் பழுதாகி நின்றால் கல்லையும் மரக்கிளையையும் அடுக்குவது வழக்கமாகிவிட்டது. வண்டி போன பின்பும் அந்தக் கற்கள் சாலையிலேயே கிடந்து அடுத்தவரைக் கவிழ்க்கின்றன.

சொந்த வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் இவற்றோடு மாதம் ஒருநாள் ஒதுக்கி, பேட்டரி முனை, தண்ணீர் மட்டம், பெல்ட், எர்த் போல்ட், ஹோல்டர் ஆகியவற்றைப் பார்த்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தால் நல்லது. பேட்டரி வாங்கிய நாளையும் அதில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்லி முடிக்கிறோம். வெகுதூரத்திலிருந்து வந்து களைத்துத் தூங்கும் டிரைவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமல்ல. பேட்டரி இறங்கிவிட்டால் வண்டியைத் தள்ள வேண்டியவரும், முதலாளியிடம் பேச்சு வாங்க வேண்டியவரும் அவர்தான். அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நல்ல பேட்டரியும் சரியான ஒயரிங்கும் கொடுத்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். அதைக் கொடுக்க வேண்டியது வண்டி உரிமையாளர். கொடுத்திருக்கிறாரா என்று பார்த்து லோடு ஏற்ற வேண்டியது வணிகர்களாகிய நாம்.

இன்றிரவு நம் கடை வாசலில் மூட்டை இறக்க வண்டி வந்து நின்றால், “தம்பி, ஹெட்லைட்டை அணைச்சுக்கோ, பார்க்கிங் லைட் எரியட்டும்” என்று ஒரு வார்த்தை சொல்வோம். எரியவில்லை என்று அவர் சொன்னால், அடுத்த லோடுக்கு முன் அதைச் சரிசெய்து வரச் சொல்லி புக்கிங் ஆபீசுக்கும் ஒரு போன் போட்டுவிடுவோம்.